ஸ்டீயரிங் முனகினால் கவனியுங்கள்: பழைய பிக்கப்களில் பவர் ஸ்டீயரிங் எண்ணெய் ஏன் சூடேறுகிறது?

செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க மண் சாலையில் ஓடும் பழைய பிக்கப், மதியத்திற்குப் பிறகு ஒரு மாதிரி முனகத் தொடங்கும். காலையில் ஒரு கையால் திருப்ப முடிந்த ஸ்டீயரிங், மாலையில் ரேம்பில் லோரிகளுக்கு நடுவே வளைத்து நிறுத்தும்போது இரண்டு கைகளுக்கும் வேலை வைக்கும். "வண்டிக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லி, எண்ணெய்ப் புட்டியைத் திறந்து கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றிவிட்டு மறுநாளும் அதே வண்டியை எடுப்பவர்கள் நம்மில் பலர்.

தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு சொந்தத் தொழில் தொடங்கிய நம்மவர்களில் பலருக்கு முதல் முதலீடே பழைய பிக்கப்தான். புல் வெட்டும் குத்தகை, பழைய இரும்பு வியாபாரம், காய்கறி ஏற்றுவது, சிறு தோட்டக்காரர்களின் குலைகளை ரேம்பில் சேர்ப்பது என எல்லாம் அந்த ஒரு வண்டியை நம்பித்தான் நடக்கிறது. வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால் அந்த வாரம் வீட்டில் வருமானம் இல்லை. அப்படி நிற்க வைக்கும் கோளாறுகளில், சிறு செலவில் தடுக்கக்கூடியதும் பலர் கண்டுகொள்ளாமல் விடுவதும் பவர் ஸ்டீயரிங் எண்ணெய்க் குழாய்களும் அந்த எண்ணெயின் சூடும்தான்.

எண்ணெய் போய் வரும் பாதை

பவர் ஸ்டீயரிங் புதிய கண்டுபிடிப்பு அல்ல. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1920களிலேயே எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டீயரிங்கை உருவாக்கிக் காட்டினார். 1951ஆம் ஆண்டில் கிரைஸ்லர் இம்பீரியல் கார் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்றும் சாலையில் ஓடும் பழைய பிக்கப்களில் இருப்பது அதே அடிப்படைதான். பெரோடுவா மைவி போன்ற கார்களில் எண்ணெயே கிடையாது. அங்கே மின்சார மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. புதிய பிக்கப்களும் ஒவ்வொன்றாக மின்சாரத்திற்கு மாறி வருகின்றன. ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பிக்கப் என்றால் பெரும்பாலும் எண்ணெய்தான்.

இதில் முக்கியமாக நான்கு பாகங்கள் உண்டு. முதலாவது, எண்ணெய் நிற்கும் சிறிய புட்டி. இரண்டாவது, இன்ஜின் பெல்ட்டால் சுழலும் பம்ப். மூன்றாவது, சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் பாக்ஸ் அல்லது ரேக். நான்காவது, இவற்றை இணைக்கும் குழாய்கள்.

குழாய்கள் மூன்று வகை. புட்டியிலிருந்து பம்புக்கு எண்ணெயை இறக்குவது உறிஞ்சு குழாய். இதில் அழுத்தம் இல்லை. பம்பிலிருந்து ஸ்டீயரிங் பாக்ஸுக்குப் போவது உயர் அழுத்தக் குழாய். பாதி இரும்பும் பாதி ரப்பருமாக, இரண்டு முனைகளிலும் இறுக்கி நெரிக்கப்பட்ட உலோகப் பிடிப்புகளுடன் இருக்கும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது இதற்குள் அழுத்தம் 1,000 பிஎஸ்ஐக்கு மேல் ஏறும். டயரில் நாம் அடிக்கும் காற்று 30 முதல் 40 பிஎஸ்ஐதான் என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். மூன்றாவது, வேலை முடிந்த எண்ணெயைப் புட்டிக்குத் திருப்பிக் கொண்டுவரும் திரும்பு குழாய். இதிலும் அழுத்தம் குறைவுதான். ஆனால் எண்ணெய் நல்ல சூட்டோடு வரும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

இன்ஜின் ஓடும் வரை பம்பும் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் எண்ணெய் சுற்றிக்கொண்டே இருக்கும். குறுகலான வழிகளில் அழுத்தத்தோடு தள்ளப்படும் எண்ணெய், சக்கரத்தைத் திருப்புவதற்குச் செலவாகாத சக்தியை எல்லாம் சூடாகவே மாற்றிக்கொள்கிறது.

ஒரு சிறு கணக்கு. பம்ப் நிமிடத்திற்கு 8 லிட்டர் எண்ணெயை, ஏறத்தாழ 1,150 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சக்தி ஏறக்குறைய 1,000 வாட். வீட்டில் துணி தேய்க்கும் மின்சாரப் பெட்டி எடுக்கும் சக்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான். இந்த அமைப்பு முழுவதிலும் இருக்கும் எண்ணெய் சுமார் ஒரு லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய்க்குள் துணி தேய்க்கும் பெட்டியை வைத்தால் எப்படிச் சூடேறும் என்று யோசித்தால் போதும்.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகக் கடைசி வரை திருப்பி அப்படியே பிடித்திருக்கும்போது நிலைமை இன்னும் மோசம். அப்போது ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் எண்ணெய் மேலும் போக இடமில்லை. அழுத்தம் உச்சத்துக்கு ஏறியதும் பம்புக்குள் இருக்கும் பாதுகாப்பு வால்வு திறந்து, எண்ணெயைப் பம்பின் உள்ளேயே சுற்ற விடுகிறது. கொஞ்சம் எண்ணெயே திரும்பத் திரும்ப அதே இடத்தில் சுற்றுவதால் சில விநாடிகளில் சூடு எகிறிவிடும். அந்த நேரத்தில் கேட்கும் "ஙொய்" என்ற சத்தம் அந்த வால்வு திறந்ததற்கான அடையாளம். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பிச் சில விநாடிகளுக்கு மேல் பிடித்திருக்க வேண்டாம் என்று வாகனக் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான்.

தோட்ட வேலையில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஆமை வேகத்தில் ஓட்டம், கனமான சுமை, சேறு, குறுகிய பாதையில் முன்னும் பின்னுமாகத் திருப்புவது, கூடவே பெரிய டயர் போட்ட முன்சக்கரம். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் ஓடும் பிக்கப்பின் ஸ்டீயரிங் எண்ணெயைவிட, தோட்டத்துக்குள் 10 கிலோமீட்டர் ஓடும் பிக்கப்பின் எண்ணெய் அதிகம் துன்பப்படும்.

எண்ணெய் சூடானால் என்ன? ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் எண்ணெய் கெட்டுப்போகும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொறியியலாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. கெட்ட எண்ணெய் கறுக்கும். தீய்ந்த வாடை வீசும். ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கும். எண்ணெய் நீர்த்துப்போவதால் பம்பின் உள்பாகங்கள் உராய்ந்து தேயும். தேய்ந்த உலோகத் துகள் எண்ணெயோடு கலந்து ஸ்டீயரிங் பாக்ஸ் வரை போய்ச் சேரும். சில ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை, பம்பும் ரேக்கும் மாற்றும் செலவாகப் பெருகுவது இப்படித்தான்.

ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு வளைந்த குழாய்

பல பிக்கப்களின் முன்புறக் கம்பி வலையின் வழியே பார்த்தால், ரேடியேட்டருக்கு முன்னால் கீழ்ப்பகுதியில் ஒரு மெல்லிய இரும்புக் குழாய் குறுக்கே போய் வளைந்து திரும்புவதைக் காணலாம். சில வண்டிகளில் அதில் சிறு தகடுகளும் பொருத்தப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுக்கும் உதவாத குழாய் போல் இருக்கும். அதுதான் ஸ்டீயரிங் எண்ணெயின் கூலர். திரும்பு குழாயின் வழியே வரும் சூடான எண்ணெய், முன்னால் வரும் காற்றில் இந்த வளைவைச் சுற்றி ஆறிய பிறகே புட்டிக்குப் போகிறது.

இதற்கு வரும் முதல் எதிரி சேறு. மண் சாலையில் தெறிக்கும் சேறு குழாயின் மீது படிந்து காய்ந்தால், சூட்டை வெளியே விடாத போர்வையாகிவிடும். இரண்டாவது எதிரி துரு. சேறும் ஈரமும் தங்கும் இடத்தில், குறிப்பாகக் குழாயைத் தாங்கும் கிளிப்புகளுக்கு அடியில், இரும்பு மெதுவாக அரிக்கப்பட்டு ஊசி முனை அளவு ஓட்டை விழும். மூன்றாவது எதிரி, பின்னாளில் முன்புறத்தில் பொருத்தப்படும் வின்ச், கூடுதல் விளக்குகள், இரும்பு பம்பர் ஆகியவை. இவை காற்றை மறைத்துவிடும்.

நான்காவது எதிரி அவசர ரிப்பேர். கூலர் குழாயில் ஓட்டை விழுந்தால் அதைக் கழற்றிவிட்டு, திரும்பு குழாயை ஒரு ரப்பர் ஹோஸால் நேராகப் புட்டிக்கு இணைத்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. ஒழுகல் உடனே நிற்கும். தார்ச் சாலையில் ஓட்டினால் வித்தியாசமே தெரியாது. ஆனால் சில மாதத் தோட்ட ஓட்டத்திற்குப் பிறகு பம்ப் முனகத் தொடங்கும். அதற்குள் கூலர் நீக்கப்பட்டதையே எல்லாரும் மறந்திருப்பார்கள். பழைய பிக்கப் வாங்குபவர் முன்புறம் குனிந்து இந்தக் குழாய் இருக்கிறதா, அறுத்து இணைத்த தடயம் உள்ளதா என்று பார்ப்பது நல்லது. உரிமை மாற்றத்தின்போது செய்யப்படும் வாகனப் பரிசோதனை, வண்டியின் அன்றைய நிலையைத்தான் காட்டும். ஆறு மாதத்திற்குப் பிறகு பம்ப் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

கனமான வேலை செய்யும் வண்டிக்குக் கூடுதல் கூலர் பொருத்துவதும் உண்டு. அதற்கு ஒரே விதி: திரும்பு குழாயில்தான் பொருத்த வேண்டும். உயர் அழுத்தக் குழாயில் ஒருபோதும் கூடாது. சாதாரணக் கூலர் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடித்துவிடும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பிப் பிடித்திருக்கும்போது எண்ணெய் பம்புக்குள்ளேயே சுற்றுகிறது என்று பார்த்தோம். அப்போது கூலருக்கு எண்ணெய் சரியாகப் போவதே இல்லை. ஆகவே எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும், ஓட்டுநரின் அந்தப் பழக்கத்தை அதனால் ஈடுகட்ட முடியாது. கடைசி வரை திருப்பிய பிறகு ஒரு விரற்கடை அளவு ஸ்டீயரிங்கைத் திரும்ப விட்டாலே அந்த வால்வு மூடிக்கொள்ளும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

எந்தக் குழாயில் என்ன கோளாறு?

உறிஞ்சு குழாயின் கோளாறு ஏமாற்றக்கூடியது. இங்கே எண்ணெய் வெளியே ஒழுகுவதைவிட, காற்று உள்ளே நுழைவதே அதிகம். தளர்ந்த கிளிப், இறுகிப்போன ரப்பர் அல்லது பழைய ஓ-ரிங் வழியாகக் காற்று நுழைந்தால் புட்டியில் எண்ணெய் நுரைக்கும். நிறம் வெளுத்துப் பால் கலந்தது போலத் தெரியும். பம்ப் சத்தம் போடும். கீழே ஒரு சொட்டு எண்ணெயும் இருக்காது. பம்ப் போய்விட்டது என்று முடிவு செய்யும் முன் இந்தக் குழாயையும் அதன் கிளிப்புகளையும் மாற்றிப் பார்ப்பது மலிவானது. சில புட்டிகளின் அடியில் ஒரு சல்லடை இருக்கும். அது அடைத்துக்கொண்டாலும் இதே சத்தம் வரும்.

உயர் அழுத்தக் குழாய் பெரும்பாலும் ரப்பரும் உலோகமும் சேரும் இடத்தில் கசியத் தொடங்கும். முதலில் ஈரம், பிறகு அதன் மீது ஒட்டிய தூசி, பிறகு சொட்டு. இதைக் கிளிப் போட்டு இறுக்கியோ, டேப் சுற்றியோ சரிசெய்ய முடியாது. புதிய குழாய் கிடைக்காத பழைய மாடல் என்றால், டிராக்டர், எக்ஸ்கவேட்டர் போன்றவற்றுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் செய்து தரும் கடைகளில் பழைய முனைகளைக் கொடுத்துப் புதிய ஹோஸ் நெரித்து வாங்கலாம். அழுத்தம் மட்டுமல்ல, எண்ணெயின் சூட்டையும் தாங்கும் ஹோஸாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குவது அவசியம். அசல் ஸ்டீயரிங் ஹோஸ் பம்பின் துடிப்பை உள்வாங்கும்படி சற்றே விரியக்கூடியது. வேறு ஹோஸ் போட்டால் ஸ்டீயரிங்கில் சிறு அதிர்வோ சத்தமோ வருவதும் உண்டு.

திரும்பு குழாயில் அழுத்தம் குறைவு என்பதால் கிளிப் போட்டு ஹோஸ் மாற்றலாம். ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸ் இதற்கு ஆகாது. எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதி, மெத்தென்று ஆகி, ஒரு நாள் கழன்றுவிடும். எண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட ஹோஸ்தான் வேண்டும். செம்பனை மரங்களுக்கு அடியில் வண்டி நிறுத்துவோர் எலிகளையும் மறந்துவிடக் கூடாது. எலியை ஒழிக்க ஆந்தைக் கூண்டுகள் வைக்கும் தோட்டங்கள் நம் நாட்டில் பல உண்டு. அங்கே நிறுத்திய வண்டியின் பானெட்டைக் காலையில் ஒருமுறை திறந்து பார்ப்பது வீண்போகாது.

எந்த எண்ணெய் ஊற்றுவது?

ஜப்பானிய பிக்கப்கள் பலவற்றுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 தரத்திலான ஏடிஎஃப் எண்ணெய் போதும். ஆட்டோ கியருக்கு ஊற்றும் அதே சிவப்பு எண்ணெய்தான். ஆனால் எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. சில ஐரோப்பிய வாகனங்கள் வேறு வகைப் பச்சை எண்ணெய் கேட்கும். ஹோண்டா தன் சொந்த எண்ணெயைக் கேட்கிறது. புட்டியின் மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதே இறுதி வார்த்தை.

எக்காரணம் கொண்டும் பிரேக் எண்ணெயை இதில் ஊற்றக் கூடாது. இரண்டும் வேறு வேறு வகை. பிரேக் எண்ணெய் ஸ்டீயரிங்கின் ரப்பர் சீல்களைக் கெடுத்துவிடும். அதேபோல ஸ்டீயரிங் எண்ணெய் பிரேக் புட்டிக்குள் போனால் பிரேக் சீல்கள் ஊதி, பிரேக்கே பிடிக்காமல் போகும் ஆபத்து உண்டு. இரண்டு புட்டிகளும் பானெட்டுக்குள் அருகருகே இருக்கும் வண்டிகளில், இருட்டில் அவசரமாக ஊற்றுவதைத் தவிர்க்க வேண்டும்.

கழித்த எண்ணெயைக் காட்டிலும் கால்வாயிலும் ஊற்றுவது குற்றம். 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிமுறைகள், கழிவு ஹைட்ராலிக் எண்ணெயைத் திட்டமிடப்பட்ட கழிவுப் பட்டியலில் வைத்துள்ளன. புட்டியில் பிடித்துப் பட்டறையில் ஒப்படைப்பதே முறை. தோட்டத்துக் கால்வாய் கடைசியில் போய்ச் சேர்வது நம் பிள்ளைகள் மீன் பிடிக்கும் ஆற்றில்தான்.

உயிருக்கு ஆபத்தான இடங்கள்

பவர் ஸ்டீயரிங் எண்ணெய் எரியக்கூடியது. உயர் அழுத்தக் குழாயிலிருந்து பீய்ச்சும் எண்ணெய், கொதிக்கும் எக்சாஸ்ட் குழாய் மீது பட்டால் புகையும்; தீப்பிடிக்கவும் கூடும். பானெட்டிலிருந்து தீய்ந்த எண்ணெய் வாடையோ வெண்புகையோ வந்தால், "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று நினைக்காமல் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது கசிவைத் தேட விரலால் குழாயைத் தடவக் கூடாது. உயர் அழுத்தத்தில் ஊசி போலப் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. வெளியே சிறு புள்ளிதான் தெரியும்; உள்ளே திசுக்கள் அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும்.

மூன்றாவது ஆபத்து ஒரு பழக்கம். டீசலை மிச்சப்படுத்த, இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருள விடுவோர் இன்னும் இருக்கிறார்கள். கேமரன் மலைப் பாதையானாலும் தோட்டத்து மேடானாலும் இது விளையாட்டல்ல. இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும், ஸ்டீயரிங் கல்லாகும். பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும். ஓடும்போது பெல்ட் அறுந்தாலும் ஸ்டீயரிங் இப்படித்தான் கனக்கும். ஆனால் சக்கரத்தோடு அதற்கு உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. பதறாமல், இரண்டு கைகளாலும் பலமாகத் திருப்பி ஓரம் கட்டலாம்.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம்

இதற்கெல்லாம் பெரிய கருவிகள் தேவையில்லை. வண்டி சமதரையில் நிற்கும்போது புட்டியில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்கலாம். பல புட்டிகளில் சூடான எண்ணெய்க்கும் ஆறிய எண்ணெய்க்கும் தனித்தனிக் கோடுகள் இருக்கும். ஒரு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், சிவப்பாக இருப்பது நல்லது. கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் மாற்ற வேண்டிய நேரம். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால், காலையில் எந்த நிற எண்ணெய் எங்கே சொட்டியது என்று தெரிந்துவிடும். வண்டி கழுவும்போது முன்புறக் கூலர் குழாயின் சேற்றையும் மெதுவாகக் கழுவிவிட வேண்டும். பம்பைச் சுழற்றும் பெல்ட்டில் வெடிப்போ தளர்வோ உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

எண்ணெய் மாற்றிய பிறகு காற்றை வெளியேற்றும் வேலையை அவசரப்படுத்தக் கூடாது. முன்சக்கரங்களைத் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, இன்ஜினை இயக்காமலேயே ஸ்டீயரிங்கை இருபுறமும் மெதுவாகப் பலமுறை திருப்பி, மட்டம் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். பிறகுதான் இன்ஜினை இயக்கி, குமிழி நிற்கும் வரை அதையே செய்ய வேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது "பம்ப் மாத்திடுங்க" என்று நாமே தீர்ப்புச் சொல்வதைவிட, எப்போது சத்தம் வருகிறது, காலையிலா வண்டி சூடான பிறகா, எண்ணெய் நுரைக்கிறதா, கூலர் குழாய் இருக்கிறதா என்று விவரமாகச் சொல்வது மெக்கானிக்குக்கும் உதவும்; நம் பணத்தையும் காக்கும். பம்பை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய எண்ணெயை முழுவதும் கழுவி எடுக்காமல் புதுப் பம்பைப் பொருத்த விடக் கூடாது. பழைய பம்பின் உலோகத் துகள் அந்த எண்ணெயில்தான் மிதந்துகொண்டிருக்கும். புதுப் பம்பும் அதே வழியில் போய்விடும்.